கவசம் சான்றாகலாம், குற்றமாகக் கூடாது

குற்றம் புரியும் வேளையில் உடற்கவசம் அணிந்திருப்பதையோ வைத்திருப்பதையோ, புரிந்த குற்றத்துக்கு மேலே இன்னொரு தனிக் குற்றமாக்கித் தண்டிக்க வேண்டும் என்ற கருத்து பிழையானது. உடற்கவசம் என்பது துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும்படி அடர்ந்த இழைகளாலோ உலோக, பீங்கான் தகடுகளாலோ செய்து மார்பிலும் முதுகிலும் அணியும் காப்பு. செய்தித்தாள்கள் குண்டு துளைக்காத உடை என்றும் காவலர்கள் புல்லட் புரூஃப் என்றும் குறிப்பிடுவது இதைத்தான். அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி, விர்ஜீனியா, மிச்சிகன் முதலிய மாநிலங்கள் இதைத் தனிக் குற்றமாக்கியுள்ளன. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் கவசம் அணிந்த ஒருவனால் கொல்லப்பட்ட காவலர் ஜேம்ஸ் கெல்ஃப், 1997-இல் அலபாமாவில் கொல்லப்பட்ட காவல் அதிகாரி கிரிஸ் மெக்கர்லி ஆகிய இருவர் பெயரால் 2002-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் கவசம் வைத்திருப்பதையே மூன்றாண்டு வரை சிறைக்குரியதாக்கியது. கவசத்தைப் பயன்படுத்திச் செய்த குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டவும் வழி செய்தது.

இந்தியாவின் ஆயுதச் சட்டத்திலோ, 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலோ கவசத்தைப் பற்றிய பிரிவு எதுவும் இல்லை. ஆயினும், குற்றவாளியின் கையிலோ உடலிலோ ஒரு பொருள் காணப்பட்டால் அந்தப் பொருளின் மீதே ஒரு சட்டத்தைப் பாய்ச்ச வேண்டும் என்ற சிந்தனை இங்கு வேரூன்றியே இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளின் ஆயுதங்களைப் பறிக்க மாநிலம் தழுவிய தேடுதலை நடத்தியபோது, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைக்காரர்கள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் தேவையையும் குறித்து வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டனர். விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க இடந்தரும் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டம், கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று தொடங்கி, வனக் குற்றவாளி, மணல் கடத்துபவர், திருட்டு வீடியோ தயாரிப்பவர், இணையக் குற்றவாளி என்று நீண்டுகொண்டே வந்திருக்கிறது. கவசச் சட்டம் இந்த வரிசையில் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய ஒன்று. அது வருவதற்கு முன்பே அதை மறுப்பது நல்லது.

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கவசம் அணிந்து கொள்ளையடிக்கச் செல்பவன் துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்தே செல்கிறான். ஆகவே அவனுடைய திட்டமிடல் ஆழமானது, மனநிலை கொடியது. சாதாரணக் காவலரின் கைத்துப்பாக்கி கவசத்தின் முன் பயனற்றுப்போவதால் அவன் காவலருக்கும் சுற்றியிருப்போருக்கும் கூடுதல் ஆபத்தை விளைவிக்கிறான். 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்சின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் வங்கியைக் கொள்ளையிட்ட இருவர் உடல் முழுவதும் கவசத்துடன் காவலர்களை நெடுநேரம் எதிர்த்து நின்றதும், காவலர்கள் சுட்ட குண்டுகள் அவர்கள் மீது பட்டும் அவர்கள் விழாமல் நின்றதும் இதற்குக் காட்டப்படும் சான்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, சட்டம் குற்றவாளியை மட்டுமே தொடுகிறது, குற்றம் செய்யாதவன் கவசம் அணிந்தால் அவனை ஒன்றும் செய்யாது, ஆகவே நிரபராதி யாருக்கும் இழப்பில்லை என்பது இத்தரப்பின் மிக வலிய வாதம். இந்த நான்கையும் மறுக்காமல் எதையும் மறுத்ததாகாது.

1. ஆயுதத்தையும் கவசத்தையும் ஒரே நிறையில் வைப்பது எந்த நியாயத்தின்படி? கொள்ளையின்போது ஆயுதம் இருந்தால் தண்டனையைக் கூட்டும் வழக்கம் இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 397-ஆம் பிரிவாகவும் இன்று சன்ஹிதாவில் 311-ஆம் பிரிவாகவும் உள்ள விதி, கொள்ளையிலோ கூட்டுக்கொள்ளையிலோ கொலைக்கருவியைப் பயன்படுத்துபவனுக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறையை விதிக்கிறது. கூட்டுக்கொள்ளை என்பது ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் கொள்ளை. கருவியைப் பயன்படுத்துதல் என்றால் என்ன என்ற கேள்வி 1975-இல் ஃபூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, கத்தியால் குத்தியிருக்க வேண்டியதில்லை, பறிகொடுப்பவர் கண்ணில் பட்டு அவர் மனத்தில் அச்சத்தை விளைவிக்கும்படி அதை ஏந்தி நின்றாலே போதும் என்று நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பை ஏற்பவர் அதன் அடிப்படையையும் ஏற்க வேண்டும்: கூடுதல் தண்டனை இரும்புக்காக விதிக்கப்படவில்லை, அந்த இரும்பு இன்னொரு மனிதருக்கு விளைவித்த அச்சத்துக்காகவும் விளைவிக்கக்கூடிய காயத்துக்காகவும் விதிக்கப்பட்டது. சட்டைக்கு உள்ளே அணிந்த கவசம் எவரையும் அச்சுறுத்துவதில்லை, எவரையும் காயப்படுத்துவதில்லை. அது செய்யும் ஒரே வேலை அணிந்தவனின் உயிரைக் காப்பது. காவலரைக் கொல்வது கவசக்காரனின் துப்பாக்கிதான், அந்தத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் பிரிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றின் தண்டனைகளை மேலும் உயர்த்தியும் இருக்கிறது.

தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாக இராது. ஆநிரை கவர்ந்து இறந்தவனுக்கும் ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் அங்கே கல் நடப்பட்டிருக்கிறது; அக்கற்களின் வீரர்களில் பலர் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமும் ஏந்தி நிற்கின்றனர். எவன் கவர்ந்தவன், எவன் மீட்டவன் என்பதைக் கேடயம் சொல்வதில்லை, கல்லில் வெட்டிய எழுத்துதான் சொல்கிறது. செயலை விட்டுவிட்டுக் காப்பைக் கொண்டு மனிதனை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

2. திட்டமிட்டதற்கு எத்தனை முறை தண்டிப்பது? கவசம் முன்கூட்டிய திட்டத்தைக் காட்டுகிறது என்பது உண்மை. கையுறையும் அதைத்தான் காட்டுகிறது. வண்டியின் எண் பலகையை மாற்றுவதும், கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதும், பகலில் வந்து நோட்டம் பார்த்துப் போவதும் அதைத்தான் காட்டுகின்றன. இவை ஒவ்வொன்றையும் தனித்தனிக் குற்றமாக்கினால், ஒரு செயலுக்கு அதன் ஆயத்தங்களின் எண்ணிக்கைக்கேற்ப தண்டனை பெருகும். ஒரு குற்றத்தின் உறுப்புகளே தனித்தனிக் குற்றங்களாகவும் அமையுமானால் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தண்டனை வழங்கலாகாது என்ற கொள்கை பழைய சட்டத்தின் 71-ஆம் பிரிவிலும் சன்ஹிதாவின் 9-ஆம் பிரிவிலும் இடம்பெற்றிருக்கிறது. கவசச் சட்டம் அந்தக் கொள்கையின் எழுத்தை மீறாமல் அதன் உயிரை மீறுகிறது.

3. குற்றவாளி சுடப்படத்தக்கவனாகவே இருக்க வேண்டுமா? கவசச் சட்டத்தின் அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை கிடக்கிறது: காவலர் சுட்டால் குற்றவாளி விழ வேண்டும், விழாதபடி அவன் தன்னைக் காத்துக்கொண்டால் அது அரசுக்கு இழைத்த தீங்கு. இந்த நம்பிக்கைக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைது செய்யும் முறையைக் கூறும் 43-ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைக் கைதின்போது போக்க உரிமை இல்லை என்று தெளிவாகவே வரையறுக்கிறது. காவலரின் தற்காப்பு உரிமை தனியானது, எல்லாக் குடிமக்களுக்கும் உள்ளது, எல்லைக்குட்பட்டது. காவல்துறை மோதல் மரணங்கள் ஒவ்வொன்றும் சுதந்திரமான விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. சுட்டுக் கொல்வது அரசின் இயல்பான அதிகாரம் அன்று, வேறு வழியற்ற நேரத்து விலக்கு என்பதே இவற்றின் பொருள். ஒரு விலக்குக்கு எதிராகத் தன்னுயிரைக் காத்துக்கொண்டதைக் குற்றமென்று அறிவிப்பது அந்த விலக்கையே விதியாக்கிவிடும்.

இந்த எச்சரிக்கை தமிழ்நாட்டில் மிகையானதன்று. குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்பட்டு மாவுக்கட்டுடன் நிற்கும் படங்களைக் கண்டு மகிழும் மனப்பான்மையும், என்கவுன்ட்டர் நடந்த மறுநாள் இனிப்பு வழங்கும் மனப்பான்மையும் இங்கே பரவியிருக்கின்றன. குற்றவாளியின் உடல் காவலருக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தின் ஏற்பையும் பெற்றுவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்தில் கர்ண மோட்சம் ஆடப்படும் இரவில், கர்ணன் நின்ற பக்கம் அறத்தின் பக்கம் அன்று என்பதை அறியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இரார். இருந்தும், அவனுடைய பிறவிக் கவசம் முன்பே வாங்கப்பட்டுவிட்டதை நியாயம் என்று சொல்பவரையும் அங்கே காண முடியாது. தவறான பக்கத்தில் நிற்பவனை வெல்லலாம், பிடிக்கலாம், தண்டிக்கலாம். அவன் தன் மார்பை மூடியதே அவன் குற்றம் என்று சொல்ல அந்த மக்களின் நீதியுணர்வு ஒப்பவில்லை.

4. கவசம் எது? வரையறை இல்லாமல் குற்றம் இல்லை, கவசத்துக்கோ வரையறை எளிதில் அமைவதில்லை. 2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கறுப்பின மக்கள் பத்துப் பேரைக் கொன்றவன் கவசம் அணிந்திருந்தான். அங்காடியின் காவலர் ஏரன் சால்ட்டர் சுட்ட குண்டு அந்தக் கவசத்தில் பட்டுப் பயனற்றுப்போக, அவரும் கொல்லப்பட்டார். மூன்றே வாரத்தில் மாநிலம் குண்டு தடுக்கும் உடைகளின் விற்பனையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் வரையறை மென்மையான இழை உடைகளையே குறித்ததால், கொலையாளி அணிந்திருந்த கடினத் தகட்டுக் கவசம் அதற்குள் வரவில்லை. ஜூலையில் திருத்தம் தேவைப்பட்டது. கலிபோர்னியாவில், வன்முறைக் குற்றவாளிகள் கவசம் வைத்திருப்பதைத் தடுத்த சட்டத்தை, தன் உடை தடைக்குள் வருமா என்பதைச் சாதாரண மனிதன் அறிய முடியாது என்ற காரணத்தால் 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செல்லாது என்றது; மறு ஆண்டு வரையறையை மாற்றி எழுத நேர்ந்தது. மிகுந்த வளமும் வல்லுநர்களும் உள்ள இரு மாநிலங்களின் நிலை இது.

உழவுக் கருவிகள் எங்கும் புழங்கும் இந்திய நிலத்தில் சிக்கல் இன்னும் கூடும். 1880 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கிளன்ரோவனில் காவலரை எதிர்த்து நின்ற நெட் கெல்லியின் கொள்ளைக் கூட்டம் அணிந்திருந்த இரும்புக் கவசங்கள் கலப்பையின் மண்புரட்டும் தகடுகளால் அடித்துச் செய்யப்பட்டவை; காவலர்கள் அவனுடைய மூடப்படாத கால்களில் சுட்டே அவனை வீழ்த்தினர். கலப்பைத் தகடு கவசமாகும் என்றால், வரையறையை அகலமாக்கினால் உழவுக் கருவி உள்ளே வரும், குறுகலாக்கினால் நெட் கெல்லி வெளியே போய்விடுவான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வேளாண்மைக்கும் வீட்டுக்கும் மட்டுமே உரிய கருவிகளை ஆயுதம் என்ற சொல்லிலிருந்து நீக்கியது, அவற்றைத் தொட்டால் ஊரே குற்றவாளியாகிவிடும் என்பதை உணர்ந்ததால்தான். தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ச் சந்தைக்கு வரும் உழவரின் இடுப்பிலுள்ள கொடுவாளுக்கு அந்தச் சட்டம் தந்த மதிப்பு அது. நகை பறிக்கும் இருசக்கர வண்டிக்காரன் அணியும் தலைக்கவசத்தையும் எண்ணிப் பார்க்கலாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதை அணியாதிருப்பது குற்றம், கவசச் சட்டம் வந்தால் அணிந்திருப்பது குற்றமாகும்.

5. மூன்றாண்டு கூடுதல் சிறைக்கு யார் அஞ்சுவார்? உயிரைப் பணயம் வைத்து வங்கிக்குள் நுழைபவனுக்குப் பத்தாண்டோடு மூன்றாண்டு சேர்வது கணக்கில் வராது. தண்டனையின் கொடுமையைவிட அது தவறாமல் வந்து சேரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார், பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. சட்டத்துக்கு அஞ்சி ஒருவன் கவசத்தைக் கழற்றினாலும் துப்பாக்கி அவன் கையிலேயே இருக்கும். மார்பு திறந்திருக்கும் அச்சத்தில் அவன் முன்பைவிட விரைவாகச் சுடவும் கூடும்.

6. குற்றம் செய்பவனை மட்டுமே தொடும் சட்டம் என்கிறார்களே, இந்த நாட்டில் எதுவெல்லாம் குற்றம்? இந்தக் கேள்வியில்தான் எதிர்த்தரப்பின் வலிய வாதம் முறிகிறது. தடையுத்தரவு உள்ள இடத்தில் ஐவர் கூடினால் குற்றம். அனுமதியின்றி ஊர்வலம் போனால் குற்றம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக எழுதப்பட்டால் குற்றம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் திரண்டபோது நகரின் சில பகுதிகளில் 144 தடையுத்தரவு இருந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையின் செயலைக் கடுமையாகக் குறை கூறியது. அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் மார்புக் காப்பு அணிந்து வந்திருந்தால், கவசச் சட்டத்தின் பார்வையில் அவர் சட்டவிரோதக் கூட்டத்தில் கவசத்துடன் நின்ற இரட்டைக் குற்றவாளி. சுடப்பட்டு இறந்தவர் பலியானவர், சுடப்பட்டும் பிழைத்தவர் குற்றவாளி என்று சொல்லும் சட்டத்தை நீதி என்று அழைக்க முடியாது. கொடிய வன்முறைக் குற்றங்களுக்கு மட்டும் பொருந்துமாறு எழுதிவிடலாம் என்று மறுமொழி கூறப்படலாம். முதலில் அப்படித்தான் எழுதப்படும். குண்டர் சட்டமும் முதலில் சில வகையினருக்காகவே எழுதப்பட்டது.

7. கவசம் இருந்தது என்று யார் சொல்வது? அணிந்திருப்பது மட்டுமன்றி வைத்திருப்பதும் குற்றம் என்றால், வழக்கின் உயிர்நாடி கைப்பற்றல் மகஜர்; அதாவது, இன்ன பொருள் இன்னாரிடம் இன்ன இடத்தில் எடுக்கப்பட்டது என்று காவலர் எழுதிச் சாட்சிகளிடம் கையொப்பம் பெறும் தாள். காயம் உடலில் இருக்கும், களவு போன நகை பறிகொடுத்தவரின் புகாரில் இருக்கும். ஒரு பொருளை வைத்திருப்பதையே குற்றமாக்கும் உடைமைக் குற்றத்துக்கோ பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் இல்லை, எழுதுபவரின் சொல்லே தொடக்கமும் முடிவும். எல்லாவகைக் குற்றங்களிலும் புனைவதற்கு மிக எளிது உடைமைக் குற்றமே.

கம்பைநல்லூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத அரூர்ப் பகுதியின் வாச்சாத்திக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் அடங்க நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகி, அவர்கள் மீதே சந்தனக் கடத்தல் வழக்குகள் போடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர்; 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உயிருடன் இருந்தவர்கள் 215 பேர், அனைவரும் தண்டிக்கப்பட்டனர்; சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. வைத்திருந்தார்கள் என்று எழுதுவதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது, அப்படி எழுதிய அதிகாரத்துக்கான தண்டனை உயர் நீதிமன்றத்தில் உறுதியாக முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. இந்த மாவட்டத்தில், இந்த அனுபவத்துக்குப் பின், இன்னொரு பொருளையும் உடைமைக் குற்றப் பட்டியலில் சேர்க்கச் சொல்பவர், அந்த மகஜரை எழுதப்போகிறவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அப்படியானால் காவலரின் உயிருக்கு என்ன வழி? இந்தக் கேள்வி நேர்மையானது, இதற்கு விடையும் இருக்கிறது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் ஹேமந்த் கர்கரே உள்ளிட்ட காவல் அதிகாரிகள் கொல்லப்பட்டபோது நாடு கேட்ட கேள்வி, காவலர்களுக்கு வழங்கப்பட்ட கவசங்கள் தரமானவையா என்பதே. கர்கரே அணிந்திருந்த கவசம் பின்னர் காணாமல் போனது அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. குண்டு தடுக்கும் உடைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரநிலையை வெளியிட்டதே 2018-இல்தான். ஊர்க் காவல் நிலையத்தின் இரவு ரோந்துக் காவலருக்குத் தரமான காப்பு கிடைக்கச் செய்வது அவர் உயிரைக் காக்கும். அவரைச் சுட்டவன் மீது பிறகு கூடுதலாக ஒரு பிரிவை எழுதுவது காக்காது. மலையோர ஊர்களில் உரிமமின்றிப் புழங்கும் நாட்டுத் துப்பாக்கிகளைத் தேடி எடுப்பதும் அவர் உயிரைக் காக்கும்.

கவசம் அணிந்து கொள்ளையடித்தவனை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதன்று இந்த மறுப்பின் கருத்து. குற்றத்துக்கான சட்டம் அதிகபட்சத் தண்டனையை வரையறுத்து, அதற்குள் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை நீதிபதியிடம் விட்டிருக்கிறது. கவசம் உண்மையில் அணியப்பட்டதா, எதற்காக அணியப்பட்டது, அதன் துணிவில் அவன் காவலரை நோக்கி முன்னேறினானா என்பதை எல்லாம் சாட்சியத்திலிருந்து எடைபோட்டு, அந்த எல்லைக்குள் தண்டனையைக் கூட்டுவதற்கு நீதிபதிக்குப் புதிய பிரிவு எதுவும் தேவையில்லை. அமெரிக்கத் தண்டனை ஆணையம்கூட, 2002 சட்டத்தைச் செயற்படுத்த விதி வகுத்தபோது, வண்டியின் பின்பெட்டியில் கவசம் கிடந்தது என்பது மட்டும் அதைப் பயன்படுத்தியதாகாது என்று விளக்கம் எழுதியது. சட்டமன்றத்தில் இப்படியொரு மசோதா என்றாவது வைக்கப்படுமானால், வைத்திருத்தல் என்ற சொல் அதில் இருக்கக் கூடாது, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை இருக்கக் கூடாது, துப்பாக்கி ஏந்திய வன்முறைக் குற்றத்துக்கு அப்பால் அது நீளக் கூடாது என்று உறுப்பினர்கள் கேட்க வேண்டும்; இம்மூன்றும் ஏற்கப்பட்டபின் மசோதாவில் எஞ்சி நிற்கப்போவது நீதிபதியிடம் இன்றே இருக்கும் அதிகாரம்தான்.